இ.எஸ்.ஐ. கிளைம் மேசை: நோய்க்காலத் தொகை முதல் வேலையிழப்பு நிவாரணம் வரை ஆய்வு செய்வது எப்படி

இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) கிளை அலுவலகத்துக்கு வரும் எந்த மனுவிலும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பெயர், நோய், தொகை எல்லாம் அப்புறம். எந்த நாளுக்குப் பணம் கேட்கிறார், அந்த நாள் எந்தப் பயன் காலத்தில் (தொகை பெறும் ஆறு மாதத்தில்) விழுகிறது, அதற்கு இணையான சந்தா காலம் (சந்தா கட்டிய ஆறு மாதம்) எது என்ற மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தணிக்கையில் ஆட்சேபம் எழும் கோப்புகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தேதிதான் வழுக்கியிருக்கும்.

இந்த வழிகாட்டி கிளைம் பிரிவில் புதிதாக உட்காரும் எழுத்தருக்கும் அதிகாரிக்குமானது. தொழிற்சங்கத்தில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினருக்கும் இதே கணக்குதான் உதவும்.

யார் பார்க்கும் வேலை

கிளை அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பதிந்து, தகுதி பார்த்து, தொகை கணக்கிடுபவர் மேல்நிலை எழுத்தர், அதாவது யு.டி.சி. அதைச் சரிபார்த்துப் பணம் வழங்க ஒப்புதல் தருபவர் கிளை மேலாளர். இவர் பெரும்பாலும் சமூகப் பாதுகாப்பு அலுவலர் நிலையில் இருப்பார். இரண்டு பதவிக்கும் பட்டப்படிப்பு வேண்டும், போட்டித் தேர்வு உண்டு. யு.டி.சி.க்கு ஊதிய நிலை 4, அலுவலர் பதவிக்கு ஊதிய நிலை 7. கணக்குப் போட்டவரே ஒப்புதலும் தரக்கூடாது என்பது இங்கே எழுதாச் சட்டம் மாதிரி. ஆள் பற்றாக்குறையைக் காட்டி ஒருவரின் கணினிக் கடவுச்சொல்லை இன்னொருவர் பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பின்னால் மோசடி வெளிப்பட்டால், கடவுச்சொல்லுக்கு உரியவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-ல் வந்தது. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் கோயம்புத்தூர், ஆண்டு 1955. இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய விதிகளும் ஒழுங்குமுறைகளும் புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவில் இடைக்காலத்துக்குத் தொடர்கின்றன. கீழே வரும் பிரிவு எண்கள் 1948 சட்டத்தின் எண்கள். அலுவலகப் பேச்சில் இன்னும் அவைதான் புழங்குகின்றன. ஆணையில் எண் குறிப்பிடுவதற்கு முன், அந்தத் தேதிக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைத் தலைமை அலுவலகச் சுற்றறிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: காலண்டர்

ஆண்டுக்கு இரண்டு சந்தா காலம். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பயன். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டியதற்கு, அடுத்து வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பயன். இடையில் மூன்று மாத இடைவெளி இருப்பதை மறக்கக்கூடாது. "போன மாதம்கூடப் பிடித்தார்களே" என்று தொழிலாளி கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் போன மாதம் பிடித்தது இன்றைய நோய்க்குக் கணக்கில் வராது.

புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்கு வேறு. வேலைக்குச் சேர்ந்த நாளில் முதல் சந்தா காலம் தொடங்கும். ஒன்பது மாதம் கழித்து முதல் பயன் காலம். 2026 ஜூன் 5 அன்று சேர்ந்தவருக்கு முதல் சந்தா காலம் ஜூன் 5 முதல் செப்டம்பர் 30 வரை, முதல் பயன் காலம் 2027 மார்ச் 5 முதல் ஜூன் 30 வரை. வழக்கமாக நோய்க்காலத் தொகைக்கு 78 நாள் சந்தா வேண்டும். இவருடைய முதல் சந்தா காலமே 118 நாள்தான். 156 நாளுக்குக் குறைந்த முதல் காலத்தில் இருக்கும் நாளில் பாதி போதும் என்பதால், இவருக்கு 59 நாள். 78 வரவில்லை என்று இவரைத் திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

காப்பீட்டுக்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. 2019 ஜூலை 1 முதல் சந்தா 4 சதவீதம்: நிர்வாகம் 3.25, தொழிலாளி 0.75. சந்தா காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் அந்தச் சந்தா காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், அதற்கான பயன் காலமும் உண்டு. வேலையை விட்டவருக்கும் இப்படித்தான். சட்டத்தில் காப்பீடு செய்த நபர் என்பவர் இப்போது ஊழியராக இருப்பவர் மட்டும் அல்லர், முன்பு இருந்தவரும் சேர்த்திதான். பயன் காலம் ஓடிக்கொண்டிருந்தால், வேலையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நோய்க்கால மனுவைத் தள்ளக்கூடாது.

இரண்டாம் படி: ஆளும் எண்ணும்

பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைத் திறந்ததும் பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, ஆதார் இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பாருங்கள். இங்கே மிகப் பெரிய சிக்கல் இரட்டை எண். திருப்பூரிலோ ஓசூரிலோ கம்பெனி மாறும்போது புதிய நிறுவனம் பழைய எண்ணைச் சேர்க்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். ஒரே சந்தா காலத்தில் ஒரு எண்ணில் 50 நாள், இன்னொன்றில் 60 நாள் என்று பிரிந்து கிடக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் தகுதி இல்லை, சேர்த்தால் 110. தகுதி இல்லை என்று திரை காட்டியதும், "இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள், பழைய இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வங்கிக் கணக்கு மனுதாரரின் பெயரிலேயே இருக்கிறதா என்று பாஸ்புத்தக நகலை வைத்துப் பாருங்கள். ஒரே கணக்கு எண்ணோ ஒரே கைப்பேசி எண்ணோ பல காப்பீட்டு எண்களில் தென்பட்டால் அங்கேயே நிறுத்தி மேலாளரிடம் காட்டுங்கள். இடைத்தரகர் புகுந்த கோப்புக்கு அதுதான் முதல் அடையாளம்.

மூன்றாம் படி: நோய்க்காலத் தொகை

இதற்கான தாள்கள் இரண்டு. இ.எஸ்.ஐ. மருந்தக மருத்துவர் தரும் சான்று படிவம் 7, தொழிலாளியின் மனு படிவம் 9. முதல் சான்று, அதிகபட்சம் ஏழு நாளுக்கு ஒருமுறை இடைச் சான்று, கடைசியில் வேலைக்குத் தகுதி என்ற இறுதிச் சான்று என்று சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். நீண்ட நோய்க்கு நான்கு வாரம் வரைக்குமான சிறப்பு இடைச் சான்று படிவம் 8-ல் வரும். இரண்டு சான்றுகளுக்கு நடுவில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தாலும் அந்த நாளுக்குப் பணம் இல்லை. அது எழுத்துப் பிழையா, உண்மையிலேயே விட்டுப்போனதா என்பதை மருத்துவரிடம் எழுதிக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். தேதியை நீங்களாகத் திருத்தக்கூடாது. தனியார் மருத்துவமனைச் சான்றோடு வருபவரையும் வாசலிலேயே மறுக்க வேண்டாம். சூழ்நிலை நியாயமானதாக இருந்தால் மாற்றுச் சான்றை ஏற்க விதியில் இடம் உண்டு. வெளியூரில் திடீரென நெஞ்சுவலி வந்தவர் தன் மருந்தகத்தைத் தேடி வந்திருக்க முடியாது.

அடுத்து கணக்கு. சந்தா காலத்தில் பெற்ற மொத்தச் சம்பளத்தை, சம்பளம் தரப்பட்ட நாள்களால் வகுத்தால் சராசரி நாள் சம்பளம். அதில் 70 சதவீதம் நோய்க்காலத் தொகை. வகுக்கும் எண்ணில்தான் தகராறு வரும். மாதம் 15,000 வாங்குபவருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 90,000. நிர்வாகம் முழு மாத நாள்களைப் பதிந்தால் 183 நாள், சராசரி 491.80, நாளொன்றுக்கு 344.26 ரூபாய். மாதத்துக்கு 26 என்று பதிந்தால் 156 நாள், சராசரி 576.92, நாளொன்றுக்கு 403.85. ஒரே சம்பளத்துக்கு நாளுக்கு 59 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மாதச் சம்பளத்தில் வாரவிடுமுறையும் அடங்கியிருந்தால் 26 என்ற பதிவு பிழை. அதே நிறுவனத்தில் மற்றவர்களுக்கு எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்தால் பிழை தானாகத் தெரியும். தொகை ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள்கள். அவற்றுக்குப் பணம் இல்லை. கடைசியாகப் பணம் பெற்ற நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி நோய் வந்தால் காத்திருப்பு கிடையாது. ஒருவர் ஜூன் 20 முதல் விடுப்பில் இருந்து ஜூலை 11 அன்று தகுதிச் சான்று பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 21 நாள். ஜூன் 20, 21 காத்திருப்பு. ஜூன் 22 முதல் 30 வரை 9 நாள் ஒரு பயன் காலம். ஜூலை 1 முதல் 10 வரை 10 நாள் அடுத்த பயன் காலம். இரண்டுக்கும் தகுதியையும் தொகையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஜூன் வரை தகுதியுள்ளவர் ஜூலையில் தகுதி இழந்திருக்கலாம். சம்பளம் கூடியிருந்தால் ஜூலைத் தொகை கூடவும் செய்யலாம். இவரே ஜூலை 24 அன்று மறுபடி படுத்தால் இடைவெளி 13 நாள்தான், ஆகவே முதல் நாளிலிருந்தே பணம் உண்டு.

அடுத்த பொறி 91 நாள் வரம்பு. அடுத்தடுத்த எந்த இரண்டு பயன் காலத்திலும் சேர்த்து 91 நாள் என்பதுதான் விதி. ஜனவரி 1 அன்று கணக்கு பூஜ்யமாவதில்லை. ஜூலை–டிசம்பரில் 60 நாள் எடுத்தவருக்கு ஜனவரி–ஜூனில் மீதி 31. அந்த 31-ஐயும் எடுத்துவிட்டால், அடுத்த ஜூலை–டிசம்பரில் முந்தைய 31-ஐக் கழித்து 60 கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு காலம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

சந்தேகம் வந்தால் படிவம் 10-ஐ நிர்வாகத்துக்கு அனுப்பி, அந்த நாள்களில் ஆள் வேலைக்கு வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். 63-வது பிரிவின்படி வேலை செய்த நாளுக்கும், சம்பளத்தோடு விடுப்பு அல்லது விடுமுறை பெற்ற நாளுக்கும், வேலைநிறுத்த நாளுக்கும் தொகை இல்லை. தீபாவளி, பொங்கல் நாள்களுக்கு நிர்வாகம் பண்டிகை விடுமுறைச் சம்பளம் கொடுத்திருக்கும். நம் பக்கத்திலும் அதே நாளுக்குப் பணம் போயிருக்கும். இதில் கெட்ட எண்ணம் பெரும்பாலும் இருக்காது, ஆனாலும் திருப்பி வசூலித்தாக வேண்டும்.

காசநோய், புற்றுநோய் போன்ற பட்டியலிலுள்ள 34 நீண்டகால நோய்களுக்கு, 91 நாள் தீர்ந்த பிறகு நீட்டித்த நோய்க்காலத் தொகை 80 சதவீதம். இதற்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும், முந்தைய நான்கு சந்தா காலத்தில் 156 நாள் சந்தாவும் பார்க்கப்படும். குடும்பக்கட்டுப்பாடு அறுவைக்கு முழுச் சம்பளம்: ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள்.

சந்தா வரவில்லை என்றால்?

தகுதி விதியில் உள்ள சொல் "செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய". இந்த "செலுத்த வேண்டிய"-வை மறந்துவிட்டுத்தான் பல தொழிலாளிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு நிர்வாகம் கட்டவில்லை என்றால் குற்றம் தொழிலாளியுடையது அல்ல. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு ஆகியவற்றை வாங்கி, நிறுவனத்தை ஆய்வு செய்ய மண்டல அல்லது துணை மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். பயனை வழங்கிவிட்டு நிர்வாகத்திடம் வசூலிக்க 68-வது பிரிவு வழி தருகிறது.

நான்காம் படி: வேலைக் காயம்

கிளைம் மேசையில் அதிகம் உழைப்பு கேட்பது இதுதான். இங்கே சந்தா நாள் நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளிலேயே விரல் போனாலும் உரிமை உண்டு. விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் காத்திருப்பு இல்லாமல் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனத் தொகை.

நிர்வாகம் படிவம் 11 விபத்துப் பதிவேட்டில் எழுதி, படிவம் 12 விபத்து அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். மரணம் என்றால் உடனே. அறிக்கை வந்ததும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்த நாளில் அவர் ஊழியரா? விபத்து வேலையின் போது நடந்ததா? வேலையின் காரணமாக நடந்ததா? வேலையின் போது நடந்தது உறுதியானால், மறுக்கும் ஆதாரம் இல்லாதவரை வேலையின் காரணமாகவே நடந்தது என்று 51-ஏ பிரிவு அனுமானிக்கிறது. மூன்றாவது கேள்வியில் சுமை தொழிலாளியின் தலையில் இல்லை.

முதல் கேள்விக்கு ஒப்பிட வேண்டியது காப்பீட்டு எண் உருவான தேதி. விபத்து காலை 10 மணிக்கு, எண் உருவானது அன்று மாலை என்றால், ஆளைப் பதியாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள் அல்லது வெளியாளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். முதல் வகையில் தொழிலாளிக்குப் பயன் உண்டு, நிறுவனத்துக்கு நடவடிக்கை. இரண்டாம் வகையில் மனுவே பொய். இரண்டையும் பிரித்தறிய, விபத்துக்கு முந்தைய மாதச் சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவு, உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம், மருத்துவமனையில் முதலில் பதிந்த ஏ.ஆர். (மருத்துவமனை விபத்துப் பதிவேடு) நகல் ஆகியவை வேண்டும். ஏ.ஆர். நகலுக்கு மதிப்பு அதிகம். வலியோடு வந்தவர் எங்கே, எப்படி அடிபட்டது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதற்கு முன் சொன்னது அதில் இருக்கும்.

"பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்தார், அவர் தப்பு" என்று பவர் பிரஸ் விபத்துகளில் நிர்வாகம் எழுதும். அது மறுக்கக் காரணமாகாது. நிர்வாகத்தின் தொழிலுக்காகச் செய்த வேலை என்றால், உத்தரவை மீறியிருந்தாலும் 51-பி அதை வேலைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்பதை வாக்குமூலத்தில் கேளுங்கள்.

வழிப்பயண விபத்தில் பழைய நிலையும் புதிய நிலையும் நேர்மாறு. கேரளத்தின் கொரட்டியில் ஒரு தொழிலாளி மாலை 4.30 ஷிப்டுக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் லாரி மோதிக் காயமடைந்தார். அது வேலைக் காயம் அல்ல என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2010 திருத்தத்தில் வந்த 51-இ பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயண விபத்தையும் சேர்த்துக்கொண்டது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஷிப்ட் நேரம், வழக்கமான பாதை, விபத்து நடந்த இடம், முதல் தகவல் அறிக்கையில் உள்ள நேரம் ஆகியவற்றை ஒரு வரைபடத்தோடு கோப்பில் வையுங்கள். வழியில் காய்கறி வாங்க நின்றதற்காக மறுப்பது அதிகப்படி. ஷிப்ட் முடிந்து நான்கு மணி நேரம் கழித்து, வேறு திசையில் நடந்த விபத்து என்றால் கேள்வி கேட்க வேண்டும்.

நிரந்தர ஊனம் இருந்தால் அதன் சதவீதத்தை மருத்துவக் குழு முடிவு செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது, தற்காலிக ஊனத் தொகை நின்றதும் 12 மாதத்துக்குள் அவரைக் குழுவின் முன் நிறுத்துவது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. சராசரி நாள் சம்பளம் 500 என்றால், அதில் 90 சதவீதமான முழு விகிதம் 450. ஆள்காட்டி விரல் இழந்தவருக்கு நாளுக்கு 63 ரூபாய், ஆயுள் முழுவதும். குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. இதைத் தொழிலாளியிடம் வாயால் சொன்னால் போதாது, முடிவுக் கடிதத்திலேயே எழுதி அனுப்புங்கள்.

மகப்பேறு, மரணம்

மகப்பேற்றுக்கு, முந்தைய அடுத்தடுத்த இரண்டு சந்தா காலத்தில் 70 நாள் சந்தா. மனு படிவம் 19. முழுச் சராசரிச் சம்பளம் 26 வாரம், அதில் பேறுகாலத்துக்கு முன் 8 வாரத்துக்கு மேல் போகக்கூடாது. உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம், அதில் முன்னால் 6. முதல் பேற்றில் இரட்டைக் குழந்தை பிறந்தால் 12 வாரம் என்று குறைத்துவிடாதீர்கள். பேற்றுக்கு முன் எத்தனை பேர் என்பதே கணக்கு. கருச்சிதைவுக்கு 6 வாரம். கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவுக்குக் கூடுதலாக ஒரு மாதம். அந்த நாள்களில் அவர் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த நாள்களுக்குத் தொகை நிற்கும்.

வேலைக் காயத்தால் மரணம் என்றால் சார்ந்தோர் தொகை, மனு படிவம் 15. முழு விகிதம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு. கூட்டினால் முழுமையைத் தாண்டும், அப்போது விகிதப்படி குறைக்க வேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் 3, 2, 2 என ஏழு பங்கு. முழு விகிதம் 450 என்றால் மனைவிக்கு 192.86, பிள்ளைக்கு 128.57. மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை. ஒருவர் பங்கு நின்றதும் மற்றவர் பங்கைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். மகனுக்கு 25 வயது நிறையும் தேதியை இன்றே குறித்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டு ஆண்டு கழித்து வசூல் நோட்டீஸ் அடிக்க வேண்டிவரும். ஈமச்சடங்குச் செலவு 15,000 ரூபாய் வரை, படிவம் 22. மரணம் எந்தக் காரணத்தால் வந்தாலும் இது உண்டு. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேலையிழப்பு

இ.எஸ்.ஐ.யில் இதற்கு இரண்டு திட்டங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 2005 ஏப்ரல் 1-ல் வந்த ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம், ஆலை மூடல், சட்டப்படியான ஆட்குறைப்பு, வேலைக்கு வெளியே ஏற்பட்ட 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டும். அதிகபட்சம் 24 மாதம். இதன் தகுதிக்கால நிபந்தனை பலமுறை மாறியிருப்பதால், வேலை போன தேதியன்று நடப்பில் இருந்த சுற்றறிக்கையைத்தான் வைக்க வேண்டும்.

2018 ஜூலை 1-ல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் இன்னும் பரந்தது. முதலில் சராசரி வருமானத்தில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 24 முதல் நேர்ந்த வேலையிழப்புக்கு, அதை 50 சதவீதமாக்கினார்கள். ஆயுளில் மொத்தம் 90 நாள் வரை. திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், வேலை போன தேதி நீட்டிப்புக்குள் வருகிறதா என்பதே முதல் கேள்வி.

தகுதி: வேலை போவதற்கு முன் இரண்டு ஆண்டு காப்பீட்டுக்குட்பட்ட வேலை, உடனடியாக முந்தைய சந்தா காலத்தில் 78 நாள், மீதி மூன்று சந்தா காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள். 2025 நவம்பர் 20 அன்று வேலை போனவருக்கு, முந்தைய சந்தா காலம் 2025 ஏப்ரல்–செப்டம்பர். அதிலிருந்து பின்னோக்கி 2023 அக்டோபர் வரை நான்கு காலம். ஓடிக்கொண்டிருக்கும் அக்டோபர்–மார்ச்சை எண்ணக்கூடாது. வேலை போய் 30 நாள் கழித்து மனு செய்யலாம், ஓராண்டுக்குள் செய்துவிட வேண்டும். முன்பு நிர்வாகம் வழியாகத்தான் மனு வர வேண்டும் என்றிருந்தது. இப்போது தொழிலாளியே இணையத்தில் பதிந்து கிளை அலுவலகத்தில் நேராகக் கொடுக்கலாம். வரப்போகும் நாள்களுக்கு முன்கூட்டிக் கேட்க முடியாது.

இங்கே வகுக்கும் எண் வேறு என்பதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். நோய்க்காலத் தொகைக்குச் சம்பள நாள்களால் வகுத்தோம். இதற்கு நான்கு சந்தா கால மொத்த வருமானத்தை 730-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 15,000 வீதம் 24 மாதம் 3,60,000. 730-ஆல் வகுத்தால் 493.15, பாதி 246.58, 90 நாளுக்கு சுமார் 22,192 ரூபாய். நான்கில் இரண்டு சந்தா காலம் மட்டும் வேலை பார்த்தவருக்கும் வகுக்கும் எண் 730-தான், ஆகவே தொகை பாதியாகிவிடும். "எனக்கு மட்டும் ஏன் குறைவு" என்று வருபவருக்கு இந்த ஒரு வரிக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.

மனுக்கள் சிக்கிக்கொள்வது விலகல் காரணத்தில். ஒழுங்கீனத்துக்கான பணிநீக்கம், ஓய்வு வயது, விருப்ப ஓய்வு ஆகியவற்றுக்கு நிவாரணம் இல்லை. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் வேலையிழப்பு ஆகாது. நிர்வாகம் மாதச் சந்தா பதியும்போது, சம்பளம் இல்லாத ஆளுக்குக் காரண எண் போடும்: 2 என்றால் வேலையை விட்டார், 3 ஓய்வு, 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, 10 ஆட்குறைப்பு, 11 வேலை இல்லை. ஆளை வெளியே அனுப்பினாலும் பெரும்பாலான நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டு 2 போடும். அந்த எண் தானாக விட்டாரா, அனுப்பப்பட்டாரா என்று சொல்வதில்லை. அதை மட்டும் வைத்து மறுக்காமல், நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். ராஜினாமாக் கடிதம் காட்டினால் அதன் தேதியைப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே வாசகத்தில், முப்பது பேர் ராஜினாமா செய்திருந்தால் அது ஆட்குறைப்புதான்.

காரணமே போடாமல், விலகிய தேதியும் பதியாமல் பூஜ்யம் நாள் என்று மாதக்கணக்கில் தொடர்வதும் உண்டு. அப்படியானால் ஆள் இன்னும் வேலையில் இருப்பதாகத் திரை காட்டும். நிறுவனம் மூடிக் கிடந்தால் பதில் வராது. சமூகப் பாதுகாப்பு அலுவலரின் நேரடி ஆய்வு அறிக்கை வாங்கி முடியுங்கள். 90 நாளுக்குள் வேறு நிறுவனத்தில் இதே காப்பீட்டு எண்ணில் சந்தா விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்த நாளோடு நிவாரணம் நிற்கும். நிவாரணம் பெறும் நாள்களில் நோய்க்காலத் தொகையோ மகப்பேறு தொகையோ சேர்த்து வாங்க முடியாது. நிரந்தர ஊனத் தொகையும் சார்ந்தோர் தொகையும் வாங்குபவருக்குத் தடை இல்லை.

கெடு, மறுப்பு, வசூல்

முழுமையான மனு வந்த நாளிலிருந்து பணம் வழங்கக் கெடு: நோய்க்காலத் தொகைக்கு 7 நாள், முதல் மகப்பேறு தொகைக்கு 14, ஈமச்சடங்குக்கு 15, தற்காலிக மற்றும் நிரந்தர ஊனத்தின் முதல் தவணைக்கு ஒரு மாதம், சார்ந்தோருக்கு மூன்று மாதம். "முழுமையான" என்ற சொல்லைச் சாக்காக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புவது மோசமான பழக்கம். தேவையான எல்லாவற்றையும் முதல் நாளிலேயே ஒரே குறிப்பில் எழுதி, தேதியிட்டுக் கையில் கொடுங்கள்.

மறுப்பு ஆணையில் நான்கு விஷயங்கள் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்: கேட்ட நாள்கள், பொருந்தும் சந்தா காலத்தில் இருக்கும் நாள் எண்ணிக்கை, எந்த விதியின் கீழ் மறுப்பு, எங்கே மேல்முறையீடு. "தகுதி இல்லை" என்ற இரண்டு சொல் ஆணை ஊழியர் காப்பீட்டு நீதிமன்றத்தில் நிற்காது. தொழிலாளி பயன் கேட்க 12 மாதம், நீதிமன்றம் போக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த மூன்று ஆண்டும் கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கூடுதலாகப் போன பணத்தை 70-வது பிரிவின் கீழ் வசூலிக்கலாம். முதலில் எப்படிக் கூடியது என்று எழுதுங்கள்: நிர்வாகம் தவறான நாள் பதிந்ததா, பொய்ச் சான்றா, நம் கணக்குப் பிழையா. பொய் அறிக்கை என்றால், 2025 நவம்பர் 21-க்கு முன்வரை 1948 சட்டத்தின் 84-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அதோடு முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை ரொக்கப் பயன் இழப்பு என்று இருந்தது. நம் பிழைக்கு அந்தப் பிரிவைக் காட்டித் தொழிலாளியை மிரட்டக்கூடாது. கணக்கைத் திருத்தி, விளக்கக் கடிதம் அனுப்பி, அடுத்து வரும் தொகையில் தவணையாகப் பிடிக்க மேலாளரின் எழுத்து அனுமதியோடு கோப்பில் பதிந்துவிடுங்கள்.